மகவேற்பு: அன்றும் இன்றும்



பிறர் பெற்ற மகவைத் தம் மகவாகக் கொண்டு வளர்க்கும் வழக்கம் உலகில் மிகப் பழையது. தத்தெடுத்தல் என்றும், சுவீகாரம் என்றும், எடுத்து வளர்த்தல் என்றும் அதனை நாம் பலவாறு வழங்குகிறோம். நமது நாட்டுச் சட்ட நூல்கள் அதற்கு மகவேற்பு என்று பெயரிட்டுள்ளன. ஏற்றல் என்னும் சொல்லிலே பொறுப்பும் அடங்கியிருத்தலின் அது பொருத்தமான பெயரே. இவ்வழக்கம் இலங்கையில் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்துள்ளது, அம்மாற்றம் எவ்விடத்தில் இன்னும் நிறைவுறாமல் நிற்கிறது என்பவற்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நமது பழங்கதைகளிலே வளர்ப்புப் பிள்ளைகள் பலர் உளர். தேவகி பெற்ற கண்ணனை யசோதை வளர்த்தாள். துளசி வனத்திலே கண்டெடுத்த கோதையைப் பெரியாழ்வார் வளர்த்தார். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடந்த பெண்மகவை வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்தான். அவ்வள்ளியின் பெயரைக் கதிர்காமத்திலே இன்றும் பக்தியோடு சொல்கிறோம். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே தமையன் தம்பியின் மகனை ஓர் ஆண்மகனும், தமக்கை தங்கையின் மகனை ஒரு பெண்மகளும் பெறாமகன் என்று கூறுவர். பெறாதவனாயினும் மகனே என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாய் இறந்தால் சிறியதாயாரும், தந்தை இறந்தால் பெரியப்பாவும் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தமை நம் ஊர்களிலே எழுதப்படாத விதியாக இருந்தது.

எழுதப்பட்ட விதியும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்தார். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதனைச் சட்டமாக ஏற்றுக்கொண்டனர். பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பினால், தமக்குப் பின் தம் சொத்துக்கு உரித்தாளராகக் கூடிய சகோதர சகோதரிகள் முதலியோரின் இசைவைப் பெறவேண்டும் என்று தேசவழமை கூறியது. பின்னர் சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் பருகுதல் அதற்குரிய சடங்காகும். கண்டிச் சிங்கள வழக்கிலும் தத்தெடுத்தல் ஊரறியச் செய்யப்படவேண்டிய ஒன்றாகவே இருந்தது. 1938இல் நிறைவேறிய கண்டியச் சட்டம் பற்றிய கட்டளைச் சட்டம் அதற்கு எழுத்து மூலமான சாசனத்தையும் வேண்டிற்று.

இஸ்லாமிய மார்க்கமோ வேறொரு நெறியை வகுத்தது. அநாதையை வளர்த்தல் பெரும் புண்ணியம். ஆயினும் அப்பிள்ளையின் வம்சத்தை மாற்றலாகாது. அவன் தன்னைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அறியப்படல் வேண்டும் என்பது அந்நெறி. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் நான் கூறவிருக்கும் கருத்தோடு இது நெருங்கிய தொடர்புடையது.

இனி, தேசவழமைச் சடங்கைச் சற்று உற்று நோக்குவோம். அங்கே யாருடைய இசைவு கேட்கப்பட்டது? சொத்துக்கு உரித்துடைய உறவினரின் இசைவு. எதனை முன்னிட்டு? முதுசமும் தேடியதேட்டமும் யாரைச் சேரும் என்னும் வினாவை முன்னிட்டு. பிள்ளையில்லா வீட்டுக்குக் கொள்ளி வைக்க ஒருவன் வேண்டும், காணியை ஆள ஒருவன் வேண்டும், முதுமையிலே கஞ்சி ஊற்ற ஒருத்தி வேண்டும். அக்காலத் தத்தெடுப்பின் உள்ளக்கிடக்கை இதுவே. இதனால் அக்காலத்தவர் அன்பில்லாதவர் என்று எவரும் கொள்ளற்க. அவர்கள் பிள்ளைகளை மிகுந்த அன்போடு வளர்த்தனர். ஆயினும் வீட்டுக்காகவே பிள்ளை தேடப்பட்டது. பிள்ளைக்காக வீடு தேடப்படவில்லை. நான் கூறப்போகும் வரலாறு முழுவதும் இவ்விரண்டு தேடல்களுக்கும் இடையே நடந்த மாற்றத்தின் வரலாறேயாகும்.

அன்பு சிறிதும் இல்லாத இன்னொரு வகையும் இருந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளையை, சிறப்பாக மலையகத் தோட்டங்களிலிருந்து, படிப்பிப்பதாகவும் பிள்ளைபோல் வளர்ப்பதாகவும் கூறி அழைத்து வந்து, அடுக்களையிலும் முற்றத்திலும் வேலை வாங்கிய வீடுகள் கொழும்பிலும் இருந்தன, வடக்கிலும் இருந்தன. எடுத்து வளர்க்கிறோம் என்ற சொல் அவ்வீடுகளுக்கு ஒரு திரையாயிற்று. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது கிணற்றடியிலே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அச்சிறுமியரை நம்முள் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள்.

மாற்றத்தின் முதற்படி சட்டத்தால் வந்தது. நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் மகவேற்பை ஏற்கவில்லை. இங்கிலாந்திலோ முதல் உலகப் போருக்குப் பின் பெருகிய அநாதைப் பிள்ளைகளின் நிலை, அந்நாட்டின் முதலாவது மகவேற்புச் சட்டம் 1926இல் நிறைவேறுவதற்குத் துணைக் காரணமாயிற்று. அதன் அடிச்சுவட்டில் இலங்கையின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் 1941இல் 24ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. இதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1939இல், சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. அநாதை இல்லங்களை ஒழுங்கு செய்யும் கட்டளைச் சட்டமும் 1941இலேயே வந்தது.

அந்த 1941ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தவை யாவை? மகவேற்க விரும்புவோர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் 25 வயதுக்குக் குறையாதவராகவும், நெருங்கிய உறவினர் போன்றோருக்குரிய விலக்குகள் நீங்கலாக, பிள்ளையைவிட 21 வயதேனும் மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். தனித்து விண்ணப்பிக்கும் ஆண்மகன் ஒருவர் பெண்பிள்ளையை மகவேற்றல் சிறப்பான காரணம் இருந்தாலன்றி இயலாது. பெற்றோரின் இசைவு வேண்டும். இதற்காக எவரும் பணமோ வெகுமதியோ கொடுத்தலும் பெறுதலும் கூடா. கட்டளை பிறந்தபின் பதிவாளர் நாயகம் அதற்கென உள்ள தனிப் பதிவேட்டில் அதனைப் பதிவார். மேலும், பெற்றோர் அல்லாத எவரேனும் பிறர் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்திருந்தால், அவர் தம்மைப் பாதுகாவலராகப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. முன்னே நான் குறித்த கிணற்றடிச் சிறுமியைப் போன்றவர்களுக்காக அமைந்த பகுதி அது. அப்பகுதி எழுத்திலே இருந்த அளவுக்கு நடைமுறையிலே உயிர் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

இவற்றினும் முக்கியமானவை வேறு இரண்டு. கட்டளை இடுமுன், அது பிள்ளையின் நலனுக்கு உகந்தது என்று நீதிபதி மனநிறைவு கொள்ளல் வேண்டும் என்பது ஒன்று. பிள்ளை 10 வயதுக்கு மேற்பட்டதாயின் அப்பிள்ளையின் இசைவையும் பெறவேண்டும் என்பது மற்றொன்று. மஞ்சள் நீர்ச் சடங்கில் உறவினரின் இசைவு கேட்கப்பட்டது. நீதிமன்றத்திலே பிள்ளையின் இசைவு கேட்கப்பட்டது. இருநூற்று முப்பத்து நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தைச் சிறிதென்று எவரும் எண்ணமாட்டார்.

சட்டம் இருந்தாற் போதாது. அதனை நடத்த ஆள் வேண்டும். 1956இல் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தனித் திணைக்களமாக அமைந்தது. பிள்ளையை ஏற்க விரும்பும் வீட்டுக்கு உத்தியோகத்தர் நேரிற் சென்று, அவ்வீட்டாரின் குணத்தையும் நிலையையும் ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் முறை இவ்வாறு வேரூன்றியது. 1987இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்பின் இப்பணியிற் பெரும்பகுதி மாகாணங்களைச் சேர்ந்தது. அரசுக்கு முன்பே பணியாற்றத் தொடங்கிய அறநிலையங்களையும் மறத்தல் ஆகாது. சுவாமி விபுலானந்தர் காலத்தில் மட்டக்களப்பிலே இராமகிருஷ்ண மிஷன் வளர்த்த மாணவர் இல்லமும், கிறித்தவத் துறவியர் நாடெங்கும் நடத்திய இல்லங்களும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் ஈந்தன.

ஆயினும் இல்லங்களைப் பற்றியும் நமது எண்ணம் மாறியுள்ளது. அங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள் என்றே நாம் கருதிவந்தோம். பின்னாளில் நடந்த ஆய்வுகளோ, அவர்களுட் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிருடன் இருப்பதைக் காட்டின. வறுமை, தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குச் செல்லுதல், குடும்பப் பிளவு, போர் என்பனவே அவர்களை இல்லத்துக்கு அனுப்பின. ஆதலின் முதலில் குடும்பத்துக்கு உதவுக. அது இயலாதாயின் உறவினர் வீட்டில் வைக்குக. அதுவும் இயலாதாயின் வளர்ப்புக் குடும்பத்தையோ மகவேற்பையோ நாடுக. இல்லம் இறுதி வழியாகட்டும் என்பதே இன்றைய கொள்கை. 2019இல் வகுக்கப்பட்ட மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையின் சாரம் இதுவே.

நேயர்களே, இவ்வரலாற்றில் ஓர் இருண்ட பகுதியும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 1970களிலும் 1980களிலும் ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிள்ளை வேண்டிப் பலர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் அவர்களுக்கும் வறிய தாய்மாருக்கும் இடையே தரகர் புகுந்தனர். பிறந்த சில கிழமைகளே ஆன சிசுக்கள் விலைப்பொருளாயின. தாய்மாரையும் சிசுக்களையும் சேர்த்து வைத்திருந்த வீடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. நீதிமன்றத்திலே பெற்ற தாய் என்று நடிப்பதற்குக் கூலிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். பிறப்புப் பத்திரங்களிலே பொய்யான பெயர்கள் எழுதப்பட்டன. அக்காலத்தில் இலங்கையிலிருந்து வெளிநாடு சென்ற பிள்ளைகள் சுமார் 11,000 வரை இருக்கலாம் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. 1987இல் அரசு வெளிநாட்டு மகவேற்பைச் சிறிது காலம் நிறுத்தியது.

பின்னர் திருத்தங்கள் தொடர்ந்தன. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. தன் பெற்றோர் யாவர் என்பதை இயன்ற அளவு அறிதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்று அச்சமவாயத்தின் 7ஆம் உறுப்புரை கூறுகிறது. 1992இல் மகவேற்புச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டவர் தரகர் வழியாகப் பிள்ளை பெறும் வாயில் அடைக்கப்பட்டது. வெளிநாட்டு மகவேற்பு பற்றி 1993இல் ஹேக் நகரில் உருவான சமவாயம் 1995ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, அதனை உறுதிப்படுத்தியிருந்த முதல் மூன்று நாடுகளுள் மெக்சிக்கோ, ருமேனியா என்பவற்றோடு இலங்கையும் ஒன்றாகும். 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குரிய சட்டம் பிறந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை எண்ணற்ற பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்தபோது, முன்பு நடந்த கொடுமை மீண்டும் நிகழலாகாது என்னும் அச்சம் எங்கும் எழுந்தது. 2005இல் இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம் அப்பிள்ளைகளின் பாதுகாப்பை அதிகார சபையின் கண்காணிப்பின் கீழ்க் கொணர்ந்தது.

ஆனால் முன்னே சென்றுவிட்ட பிள்ளைகள் என்ன ஆயினர்? அவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்த ஆண்களும் பெண்களும் ஆவர். கையிலே ஒரு பழைய பிறப்புப் பத்திரத்தோடு தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். அப்பத்திரத்திலுள்ள முகவரிக்குச் சென்றால் அங்கே அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை என்று அறிகிறார்கள். சிலர், தாய் என்று கண்டு தழுவியவளே தாயல்லள் என்பதை மரபணுச் சோதனையால் அறிந்து திகைத்து நிற்கிறார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இச்செய்திகளை வெளிப்படுத்தியது. 2020இல் சுவிற்சர்லாந்து அரசு, தன் அதிகாரிகள் முறைகேடுகளை அறிந்தும் தடுக்கத் தவறியமைக்கு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்தில் வெளிவந்த விசாரணை அறிக்கையின்பின் அந்நாடு வெளிநாட்டு மகவேற்பை நிறுத்தி வைத்தது. 2024இல் அதனைப் படிப்படியாக முற்றாகக் கைவிடவும் தீர்மானித்தது.

செல்வமும் கல்வியும் அன்பும் நிறைந்த வீட்டிலே வளர்ந்தவர்கள் ஏன் இவ்வாறு தேடி வருகிறார்கள்? நன்றி இன்மையால் அன்று. வளர்த்தவர் மீது குறையாத அன்போடுதான் அவர்களுட் பலர் வருகிறார்கள். தான் எங்கிருந்து வந்தேன் என்பதை அறியும் வேட்கை மனிதனுக்கு இயல்பானது. பத்திரத்திலே எழுதிய ஒரு பொய், நாற்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் ஒரு மனிதனைக் கடல் கடந்து அலைக்கழிக்க வல்லது என்பதே அவர்கள் நமக்குத் தரும் பாடம்.

இப்பாடம் தூர தேசத்துக்கு மட்டும் உரியது அன்று. நமது வீடுகளிலும் இப்பொய் உண்டு. பிள்ளை பிறந்தவுடனேயே, பெற்றவளின் பெயரை மறைத்து, வளர்ப்பவர்களையே பெற்றோராகப் பதிவு செய்துவிடும் செயல் இரகசியமாக நடந்துவருகிறது. அது சட்டத்துக்கு மாறான குற்றம். நீதிமன்றம் சென்றால் காலம் ஆகும், ஊர் அறியும், பிள்ளை பின்னர் அறிந்துகொள்ளும் என்பன அவர்கள் கூறும் காரணங்கள். ஆனால் அவ்வாறு செய்தவர்கள் பிள்ளைக்கு உரிய சட்டப் பாதுகாப்பையும் இழக்கச் செய்கிறார்கள். நாளை ஒரு முதுசக் காணி வழக்கிலே உறவினர் ஒருவர் அவ்வுண்மையைக் கிளப்பினால், பிள்ளையின் நிலை என்னாகும்?

முறைப்படி மகவேற்றவர்களும் உண்மையைப் பிள்ளைக்குச் சொல்லத் தயங்குகின்றனர். அது அச்சத்தாலும் அன்பாலும் விளையும் தயக்கமே. ஆயினும் பள்ளி ஆசிரியன் என்ற முறையிலே ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வீட்டார் மறைத்து வைத்த செய்தியை ஊரார் மறைப்பதில்லை. வகுப்பறையிலே சிறு சண்டை மூளும்போது, நீ எடுத்து வளர்த்த பிள்ளைதானே என்று ஒரு தோழன் வீசும் சொல்லால் அவ்வுண்மையை முதன்முதல் அறியும் பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளை அன்றுமுதல் படிப்பிலே மனம் செல்லாது, எவரையும் நம்பாது, ஒதுங்கி உட்காருவதை ஆசிரியர்கள் பலர் கண்டிருக்கிறோம். பெற்றவர் வேறு என்பது அப்பிள்ளையை அவ்வளவு வருத்துவதில்லை. இத்தனை காலமும் என்னிடம் மறைத்தார்களே என்பதே அதன் நெஞ்சை அறுக்கிறது.

பாரதக் கதையிலே கண்ணனும் வளர்ப்புப் பிள்ளை, கர்ணனும் வளர்ப்புப் பிள்ளை. கண்ணனின் பிறப்பு உரிய காலத்தில் வெளிப்பட்டது; தேவகியும் அவனுக்குத் தாய், யசோதையும் அவனுக்குத் தாய். கர்ணனைத் தேரோட்டி அதிரதனும் இராதையும் குறைவற்ற அன்போடு வளர்த்தனர். அவன் இராதேயன் என்ற பெயரைப் பெருமையோடு தாங்கினான். வளர்ப்பிலே குறை இல்லை. குந்தி மறைத்த பிறப்புண்மையே அவன் வாழ்வைக் கெடுத்தது. அவ்வுண்மை அவனிடம் சொல்லப்பட்டபோது போர் வாயிலுக்கு வந்துவிட்டது. காலம் தாழ்ந்து வந்த உண்மையால் அவனுக்கு ஒரு நன்மையும் விளையவில்லை.

எனவே சிறு வயதிலேயே, பிள்ளை கதை கேட்கும் பருவத்திலேயே, அதற்கு விளங்கும் எளிய சொற்களிலே சொல்லிவிடுதல் நன்று. நீ வேறோர் அம்மாவின் வயிற்றிலே பிறந்தாய். நாங்கள் உன்னை விரும்பி எங்கள் பிள்ளையாக ஏற்றோம் என்று தாய் சொன்னால் போதும். பிள்ளை வளர வளர அச்செய்தியும் அதனோடு சேர்ந்து வளரும். ஒரு நாளில் இடியாக விழாது. பெற்றவளைப் பற்றி இழிவாக ஒரு சொல்லும் சொல்லற்க. வறுமையாலோ சமூகத்தின் கொடுஞ்சொல்லுக்கு அஞ்சியோ தன் மகவைப் பிரிந்தவள் அவள். அவளை இகழ்ந்தால் பிள்ளையின் பாதியை இகழ்ந்தவர் ஆவீர்கள்.

பிள்ளையை ஏற்க விரும்புவோர் தரகரையோ தெரிந்தவரையோ நாடாது, தத்தம் மாகாணத்து நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தை நாடுதல் வேண்டும். பிரதேச செயலகத்திலுள்ள உத்தியோகத்தரிடம் வழி கேட்கலாம். பிள்ளையொன்று எங்கேனும் துன்புறுத்தப்படுவதை அறிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். ஆசிரியர்களாகிய நாம், குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, எல்லாப் பிள்ளைகளின் வீடும் ஒரே வகையானது அன்று என்பதை நினைவிற் கொள்வோம். அயலவர்கள், தம் பிள்ளைகளின் காது கேட்க அயல்வீட்டுப் பிள்ளையின் பிறப்பைப் பேசாதிருப்பார்களாக.

உறவினரின் இசைவிலே தொடங்கிய வழக்கம் பிள்ளையின் நலன் என்னும் அளவுகோலுக்கு வந்து சேர்ந்துள்ளது. சட்டம் செய்யக்கூடியது பெரும்பாலும் செய்யப்பட்டாயிற்று. உண்மையைச் சொல்லும் துணிவைச் சட்டம் தர இயலாது. அதனை வீடுதான் தரவேண்டும். ஒரு பிள்ளைக்கு உணவும் உடையும் கல்வியும் பெயரும் கொடுக்கும் பெருந்தன்மை உடையவர்கள், அப்பிள்ளைக்கே உரிய அதன் பிறப்பின் செய்தியையும் தயங்காது கொடுப்பார்களாக.